தண்ணீருக்காக நிற்பவை

கதவைத் திறப்பதற்கு முன்பே டாக்டர் அனந்தநாராயணனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பழகிய சத்தம்தான். தண்ணீர் பாட்டிலின் குழாய் நுனியில் இருக்கும் எஃகுக் குண்டை எலி நாக்கால் தட்டும் டிக், டிக். அத்தனை கூண்டுகளிலும் எலிகள் அதது இஷ்டப்பட்ட நேரத்தில் தட்டுவதால், தகரக் கூரையில் விழும் தூறல்போல் அது எப்போதும் சிதறித்தான் கேட்கும். இன்று சிதறவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே தட்டு. ஓர் இடைவெளி. மறுபடி ஒரே தட்டு.

செம்பூரில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில், முதுகுத்தண்டு ஏன் பக்கவாட்டில் வளைகிறது என்று அவர் எலிகளை விசாரித்து வந்தார். 'நிமிர்ந்து நின்றதற்கு மனிதகுலம் கொடுக்கும் விலை' என்று மாட்டுங்கா மேடைகளில், சால்வை தோளிலிருந்து நழுவ நழுவப் பேசுவார். சால்வையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் விஷயம் சின்னது: தண்ணீர் பாட்டிலை உயரத்தில் மாட்டினால் எலி பின்னங்கால்களில் நின்றுதான் குடிக்கவேண்டும், நின்று நின்று அதன் முதுகு வளையும். முன்னங்கால்களை மார்போடு மடக்கி நிற்கும் எலிகளை விருந்தாளிகளுக்குக் காட்டி, "எனக்கு நமஸ்காரம் பண்றதுகள்" என்பார். வேடிக்கையாகத்தான் சொல்வார். கொஞ்சம் நம்பவும் செய்தார்.

வேடிக்கை இல்லாத பகுதி வீட்டில் இருந்தது. அவர் மகள் அம்மு. பள்ளிக்கூடத்துப் பெண். அவள் முதுகும் வளைந்திருந்தது. உடம்பைச் சுற்றிக் கட்டி முதுகை நிமிர்த்தும் பிளாஸ்டிக் பிரேஸ் இனிப் போதாது, தீபாவளி கழிந்ததும் முதுகைத் திறந்து கம்பி வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "அதுக்குள்ள அப்பா வழி கண்டுபிடிச்சுடுவேன்" என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

நேற்று சரஸ்வதி பூஜை. நுண்ணோக்கி, எக்ஸ்ரே மெஷின், தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். எலிகளைப் பார்த்துக்கொள்ளும் தாராவி இசக்கி, கிண்ணத்தோடு பெருமையாக வந்து நின்றான்.

"எல்லாத்துக்கும் வச்சாச்சு சார். ஒவ்வொரு பாட்டில் மூக்குக்கும் ஒரு பொட்டு. கலியாணப் பொண்ணு கெணக்கா இருக்கு."

"பேஷ். பூட்டிடு. நாளைக்குக் கார்த்தால பூஜை ஆனப்புறம்தான் எதையும் தொடணும்."

"எலிய, சார்?"

"அதுவும் நமக்கு ஆயுதம்தான், இசக்கி."

தன் பதிலை அவரே ரசித்துச் சிரித்தார்.

இப்போது கதவைத் திறந்தார். அக்டோபர் புழுக்கத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் அடைபட்டுக் கிடந்த மூத்திரமும் மரத்தூளும், அவற்றுக்கு மேலே மணம் போகாத சந்தனமும் ஒன்றாக முகத்தில் மோதின. தட்டு நின்றது. டியூப்லைட் சிமிட்டி எரிந்தபோது, பாட்டில்களில் தண்ணீர் ததும்ப இருப்பதும், குழாய் நுனிகளில் சந்தனம் சிமென்ட்போல் காய்ந்து அடைத்திருப்பதும் தெரிந்தன. ஒரு சொட்டு இறங்கியிருக்காது.

எதுவும் சாகவில்லை. எதுவும் படுத்திருக்கவும் இல்லை. எல்லாக் கூண்டிலும் நின்றுகொண்டிருந்தன. கை மடக்கி. அவரைப் பார்த்து.

"ஏன் சார் நம்மளயே பாக்குது?" என்றான் பின்னால் வந்த இசக்கி.

ஒன்றை எடுத்தார். முந்தாநாள்கூட அவர் கட்டைவிரலுக்குத் தட்டுப்பட்ட வளைவு அதன் முதுகில் இல்லை. ஸ்கேல்போல் நேராக இருந்தது. மேஜையில் விட்டார். நின்றது. மேஜையில் பாட்டில் இல்லை. எலி பல்லைத் தட்டியது. டிக். அறை முழுவதும், அதே கணத்தில், டிக்.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. மனைவி ஷ்யாமளா. குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"ஏன்னா, ராத்திரிலேர்ந்து நம்ம ஃபில்டர்ல தண்ணியே வரல்ல. குழாய்லயும் நேத்திக்குப் பொட்டு வச்சேனோன்னோ, அடைச்சுண்டுடுத்து போல்ருக்கு. அதை விடுங்கோ. அம்மு நேரா நிக்கறா!"

"என்னது?"

"பிரேஸ் இல்லாம. அந்த ஃபில்டர் முன்னாடியே நிக்கறா, உக்காருடின்னா கேக்கல்ல. எப்படி நிமிர்ந்துட்டா தெரியுமோ? நான் கோயில்ல தேங்கா உடைச்சுட்டு வந்துடறேன்."

சயான் சிக்னலில் கார் நகரவில்லை. ஏஸி ஓடியும் சட்டை முதுகில் ஒட்டியது. வண்டி நின்ற இடங்களிலெல்லாம் அவர் மூச்சைப் பிடித்துக் கேட்டார். எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மாட்டுங்கா. படிக்கட்டு. கதவு.

வீட்டுக்குள் சந்தன வாசனை. ஹாலில் பிரேஸ், கழற்றிப்போட்ட ஓடுபோல்.

டிக்.

சமையலறை.

"அம்மு?"

சுவரில் உயரத்தில் ஃபில்டர். கீழே நுனிக்காலில் அவள். எக்கிய கழுத்து. நேரான முதுகு. அவர் வாக்குக் கொடுத்த முதுகு.

"அம்மு, அப்பா வந்திருக்கேன்."

நுனிக்காலிலேயே திரும்பினாள். கைகள் மார்போடு மடங்கியிருந்தன. உதடுகள் வெடித்திருந்தன. பற்களில் மஞ்சளாய்ச் சந்தனம்.

அப்பாவுக்கு நமஸ்காரம் பண்ணுவதுபோல் நின்றாள். இமைக்கவில்லை.

டிக்.