முழுக் கோடு

முந்தின நாள் சாயங்காலம் அவள் வரைந்து நிறுத்திய ரயில் கோடு, காலையில் ஒரு நகக்கண் அளவு நீண்டிருந்தது.

ஸ்கேலை வைத்து மறுபடி அளந்தாள். தன் கண்ணைச் சந்தேகப்படும் பழக்கம் அவளுக்கில்லை. வீட்டிலேயே முதன்முதலாகக் காலேஜ் படியேறியவளுக்கு அந்தச் சொகுசெல்லாம் கட்டுப்படியாகாது.

வேலை கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆலை முதலாளி. ரயில்வேயில் ஒருநாள்கூட வேலை பார்க்காதவர், ஆனால் கழுத்தில் எப்போதும் ஒரு விசில். அம்மா அவருக்கு வைத்த பெயர் ஊதல். மாடிக் கூடம் முழுக்கப் பலகை அடித்து, எப்போதோ பிடுங்கப்பட்டுவிட்ட ஒரு கிளைப் பாதையைக் குட்டித் தண்டவாளங்களாக மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். பழைய சர்வே வரைபடங்களைத் தேடிப் பிடித்து டிரேசிங் தாளில் நகலெடுப்பது அவள் பாடு.

பாதையின் கடைசித் தாளில்தான் சிக்கல். ஓரத்துக்கு மூன்று விரற்கடை முன்பாகவே கோடு நின்றுவிட்டது. பக்கத்தில் சர்வேயரின் கையெழுத்து: 'இதற்கு மேல் வரையவில்லை.' அடுத்த தாள் இங்கே வந்ததே இல்லை என்றார் வரைபட அறை குமாஸ்தா. தெரிந்ததை முழுக் கோடாகவும் ஊகித்ததைப் புள்ளிக் கோடாகவும் போட வேண்டும். இந்தத் தொழிலின் முதல் பாடமே அதுதான். அவளும் புள்ளிதான் வைத்தாள்.

ஊதல் அதைத் தூக்கித் தன் சிநேகிதர்களிடம் காட்டினார்.

"புள்ளி வைக்கவாம்மா இவ்ளோ படிச்ச? புள்ளி மேல வண்டி ஓடுமா?"

அவர்கள் சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் எரிந்தது. அவர்கள் கண்ணெதிரிலேயே பேனாவை எடுத்து, புள்ளிகளை அழுத்தி இணைத்து, முழுக் கோடாக்கிக் கொடுத்தாள். அது பொய் என்று கைக்குத் தெரிந்தது. கோபத்துக்குத் தெரியவில்லை.

இப்போது, உள்ளே விளக்கெரியும் கண்ணாடி மேசையில் இன்றைய ஊர் வரைபடத்தை அடியில் வைத்து, அதன்மேல் அந்தத் தாளைப் பரப்பினாள். கண்ணாடியின் சூடு உள்ளங்கையில் ஏறியது. மின்சாரத்தில் ஓடும் பொம்மை ரயில்கள் மட்டுமே இருந்த அந்தக் கூடத்தில், எங்கிருந்தோ நிலக்கரிப் புகையின் காறல் வாடை தொண்டைக்குள் இறங்கியது. கோடு குளத்தைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ஒரு சந்துக்குள் திரும்பியிருந்தது. மூன்றாவது வீட்டு வாசலில் அதன் முனை.

அவளுடைய வீடு.

பிளேடால் மையைச் சுரண்டினாள். அடியிலும் கறுப்பு. இன்னும் சுரண்டினாள். தாள் கிழிந்தது, கிழிந்த இடத்துக்குக் கீழே, ஊர் வரைபடத்தின்மேல், கோடு.

பலகையின் மறுகோடியில் ஊதல் குனிந்து கடைசித் தண்டவாளத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார். அந்தத் துண்டு வேண்டாம் என்று கெஞ்சினாள். பத்து மணிக்கு முதல் ஓட்டம், ஆட்கள் வருகிறார்கள், மூலையில் நின்று வேடிக்கை பார் என்றார்.

போன் அடித்தது. அம்மா.

"ஏண்டி டிகிரிக்காரி, நம்ம தெருவுல ரயில்வே கேட் எங்கடி இருக்கு? காலைலேர்ந்து மணி அடிச்சுக்கிட்டே இருக்கு."

இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாகச் சுவரோரக் கட்டிலில் கிடப்பவள் அம்மா. திரும்பிப் படுக்கவே மகள் கை வேண்டும். அந்த ஊரில் இப்போது ரயில் பாதையே கிடையாது.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

வாசலிலேயே மணி கேட்டது. சீரான, அலுப்பேயில்லாத மணி. உள்ளே சிமெண்டுத் தரையில் இரண்டு விரிசல்கள், வாசற்படியில் தொடங்கி, பக்கம் பக்கமாக, கொஞ்சமும் கோணாமல், அறையைத் தாண்டிக் கட்டிலுக்கு அடியில் போயின. கட்டிலின் நான்கு இரும்புக் கால்களும் அவற்றின் மேல் நின்றன. விரிசல்களின் உள்ளே ஏதோ பளபளத்தது. தேய்ந்து தேய்ந்து பளபளத்த இரும்பு.

"யாரு வர்றாடி?" அம்மா வாசலைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையில் போன்.

"சார், ஓட்டாதீங்க. அந்தக் கோடு வழி தெரியாம நான் போட்டது. ஊகம், சார்."

அந்தப் பக்கம் கைதட்டல். பேச்சுச் சத்தம்.

"நீ போட்ட கோடுதானம்மா," என்றார் ஊதல். "புள்ளியா இருந்திருந்தா யோசிச்சிருப்பேன்."

விசில் ஊதினார்.

போனில் கேட்டது. சுவருக்குள்ளும் கேட்டது.

கட்டில் நகர்ந்தது. ஒரு நகக்கண் அளவு. இன்னொன்று. அம்மாவின் நரைமுடி, காற்றில்லாத அறையில், பின்னோக்கிப் பறந்தது. மகள் தரையில் காலை ஊன்றி இழுத்தாள். கட்டில் கனக்கவேயில்லை. நிற்கவுமில்லை. தலைமாட்டுக் கம்பி சுவரைத் தொட்டது. சுவர் விலகவில்லை. உடையவில்லை. விரிசல்கூட விடவில்லை.

மணி நின்றது.

அறை காலி. வெள்ளைச் சுவர். அதிலிருந்து மணிக்கட்டுவரை நீண்டிருந்தது அம்மாவின் கை. வெதுவெதுப்பாக. மகளின் விரல்களை இறுக்கிப் பிடித்தபடி. அதிர்ந்துகொண்டு, ஓடும் வண்டியின் ஜன்னல் கம்பிபோல.