நான்கு டிஸ்குகளும் ஒரு கிழவனின் சிரிப்பும்

அன்று பிற்பகல் அந்த ஒலிப்பதிவு நிலையத்தின் முன்னறையில் யார் யார் எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உட்கார்ந்த விதத்திலேயே பாதி வழக்கு இருந்தது.

மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் நிலையத்தின் சொந்தக்காரர், அதாவது அண்ணன். அவருக்கு எதிரே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் விளிம்பில், பாகம் பிரித்துக்கொண்டு தனியாகத் தொழில் நடத்தப் போகிற தங்கை. மூன்று பேர் உட்காரும் சோபாவைத் தான் ஒருவராகவே நிரப்பிக்கொண்டு, கால்மேல் கால் போட்டபடி, அண்ணனுடைய மைத்துனர், அவர்தான் நிர்வாகி. துப்பறிவாளருக்கு ஒரு முக்காலி கிடைத்தது. துறையில் அவரை ‘நிதானம்’ என்பார்கள். அவருடைய உதவியாளன், முன்னாள் பத்திரிகை நிருபன், பட்டப்பெயர் ‘அவசரம்’; அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஜன்னல் ஓரமாக நின்றான்.

பதிவுகளையெல்லாம் சேமித்து வைக்கும் சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண் அறைக்குள் இல்லை. அவரை எல்லோரும் டிஸ்க் அக்கா என்று கூப்பிடுவார்கள். கதவுக்கு வெளியே, செருப்பு அடுக்கும் பலகைக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பழி அவர்மேல். கேள்வி மட்டும் யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

“விஷயம் ரொம்ப சிம்பிள் சார்,” என்று மைத்துனர் தொடங்கினார். சிம்பிள் என்று தொடங்குகிறவர்கள் சொல்வதை நிதானம் இருமுறை கேட்பது வழக்கம். “நாலு டிஸ்க். நாலும் சேர்ந்து ஒரே குரூப்பா இருந்துது. விளம்பரம் எல்லாம் ரெண்டு டிஸ்க்ல, வாசிச்சுப் பதிவு பண்ணின புத்தகம் எல்லாம் ரெண்டு டிஸ்க்ல. விளம்பரம் இதோ, மாமாவுக்கு, புத்தகம் இவங்களுக்குன்னு பேசி முடிச்சாச்சு. குரூப்பை ரெண்டா பிரிக்க ஒரு கமாண்ட் இருக்காம், விஜிஸ்பிளிட்டாம். இந்தப் பொம்பளை இன்னைக்கு மத்தியானம் அதைத் தட்டினா. ஒரு நாவலே போச்சு!”

“போன நாவல் எது?”

“எது போகக் கூடாதோ அது,” என்றார் தங்கை. “புதுசா ரெக்கார்ட் பண்ணினது. என் புது ஆபீஸோட முதல் வேலை. இன்னைக்கு சாயங்காலம் பதிப்பகத்துக்குக் கொடுத்தாகணும்.”

“மத்த புத்தகமெல்லாம்?”

“அப்படியே இருக்கு.”

“நூத்துக்கணக்கான புத்தகத்துல இதை மட்டும் பொறுக்கித் தின்னிருக்கு,” என்றார் நிதானம். “கமாண்டுக்கு நல்ல ரசனை. நகல் எடுத்து வெக்கற பழக்கம் இல்லையா?”

அண்ணன் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். “முன்னாடி இருந்துச்சு. போன வருஷம் நிறுத்திட்டோம். தண்டச் செலவு.”

சொந்தக்காரரின் மேசையில் மூன்று கைபேசிகளும் மசாஜ் செய்யும் கருவி ஒன்றும் இருந்ததை நிதானம் பார்த்தார்.

“சாட்சி வேணும்னா நானே சாட்சி,” மைத்துனர் காலை இறக்கி முன்னால் நகர்ந்தார். “அவ தட்டறப்ப நான் என் ரூம்ல அந்த நாவலைத்தான் கேட்டுட்டிருந்தேன். நேரா சர்வர்லேருந்து. நடுவுல கண்ணாடிதானே, அவ கீபோர்டுல தட்டறது எனக்குத் தெரியுது. கடைசி அத்தியாயம். அந்தக் கிழவன் விழுந்து விழுந்து சிரிப்பான் பாருங்க, என்னா சிரிப்பு! அந்தச் சிரிப்பு பாதியில கட். ஸ்கிரீனைப் பாத்தா போல்டரே காலி. இதுக்கு மேல என்ன வேணும்? நான் உடனே ஸ்டுடியோக்காரங்க சங்கச் செயலாளருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். நாளைக்கு எந்த ஸ்டுடியோவும் அவளை வாசல்ல நிக்க விடாது.”

“சார்!” நிதானத்தின் பக்கம் திரும்பிய அவசரத்தின் கண்கள் மின்னின. “கமாண்ட் தட்டின நேரமும் சிரிப்பு நின்ன நேரமும் ஒண்ணு! முடிஞ்சுது கேஸ்.”

“ஆமாம், ஏறக்குறைய முடிஞ்சுது,” என்று சொல்லிவிட்டு நிதானம் எழுந்து வெளியே போனார்.

டிஸ்க் அக்கா பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். அழுத முகம் அல்ல. யாரையாவது அழவைக்க நேரம் பார்த்திருக்கும் முகம்.

“என்னைப் புடிச்சுக் குடுக்க வந்தவரா?”

“கேக்க வந்தவன். உக்காரலாமா?”

“உக்காருங்க. செருப்பு நாத்தம் கொஞ்ச நேரத்துல பழகிடும்.”

“பிரிக்கறப்ப நாவல் அழிஞ்சிருக்குமா?”

அவர் சிரித்தார். அதில் மரியாதை இல்லை. “ரம்பம் வெச்சு டிஸ்க்கை அறுக்கறேன்னு நெனச்சிட்டிருக்காங்க உள்ள இருக்கற மேதைங்க. பிரிக்கறதுன்னா, இந்த ரெண்டு டிஸ்க் இனிமே இந்த குரூப் இல்ல, அந்த குரூப்னு பேரை மாத்தி எழுதறது. வீட்டு வாசல்ல பேர்ப்பலகையை மாத்தினா உள்ள இருக்கற கட்டில் காணாமப் போகுமா?”

“ஒரே தடவையில வேலை முடிஞ்சுதா?”

“இல்ல. அதுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு. எடுத்துட்டுப் போற புத்தகப் பகுதியை யாரும் தொட்டுட்டு இருக்கக் கூடாது. முழுசா அணைச்சிருக்கணும். இல்லேன்னா முடியாதுன்னு மூஞ்சியிலயே சொல்லிடும். முதல்ல அணைக்கப் போனேன், அணையல. பாத்தா ரெக்கார்டிங் ரூம்ல அந்த நாவலை வாசிக்கறவர் ஏதோ திருத்தம் பண்ணிட்டிருந்தார். சரி முடிக்கட்டும்னு சாப்பிடப் போனேன். வந்து, அணைச்சு, அப்பறம் பிரிச்சேன்.”

“சாப்பிடப் போனப்ப உள்ள கை வெக்க யாரால முடியும்?”

“வாசிக்கறவர் கிளம்பிட்டார். உள்ள உக்காந்திருக்கற மூணு பேராலயும் முடியும்.”

“அணைக்கறதுக்கு முன்னாடி நாவல் இருக்கான்னு பாத்தீங்களா?”

“பெட்டி என் பொறுப்பு, பண்டம் அவங்க பொறுப்பு. அடுத்தவங்க பெட்டியைத் திறந்து மோந்து பாக்கற பழக்கம் எனக்கில்ல.”

“இதையெல்லாம் அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“யார் காது குடுத்தா? தீர்ப்பை வாயில வெச்சிட்டே வந்தாங்க. சங்கத்துக்குப் போன் போயாச்சாம். பதினஞ்சு வருஷமா இந்தத் தொழில்தான் சோறு போடுது. அதுல ஒரே போன்ல மண்ணு.”

நிதானம் கதவைத் திறந்து பிடித்தார். “உள்ள வாங்க. அந்த முக்காலி காலியா இருக்கு.”

டிஸ்க் அக்கா உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்ததை மைத்துனர் ஒரு பூச்சியைப் பார்ப்பது போலப் பார்த்தார். நிதானம் நின்றபடியே தங்கையின் பக்கம் திரும்பினார்.

“நாவல்ல இன்னைக்கு என்ன திருத்தம் பண்ணினாங்க?”

“ஓ, அதுவா? கடைசி அத்தியாயத்துல அந்தக் கிழவன் சிரிக்கற இடம். முதல்ல வாசிக்கறவர் சிரிக்கவே இல்ல, ‘கிழவன் சிரித்தான்’னு சும்மா வாசிச்சுட்டுப் போயிட்டார். எனக்குப் பிடிக்கல. இன்னைக்கு வரவழைச்சு நிஜமாவே சிரிக்க வெச்சேன். வேற யாரும் இன்னும் கேக்கல.”

“இவர் கேட்டிருக்கார்,” என்றார் நிதானம், மைத்துனரைப் பார்த்து. “என்னா சிரிப்புன்னு பாராட்டினாரே. ஆக, நீங்க கேட்டது உண்மை. அதுல எனக்கு சந்தேகமே இல்ல.”

“அதைத்தான நானும் சொல்றேன்!”

“அவங்க கமாண்ட் தட்டறப்ப கேட்டுட்டிருந்தீங்க. கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே.”

“ஆமா. எத்தனை தடவை சொல்றது?”

“ஒரு தடவை சொன்னதே போதுமானதா இருந்தது.” நிதானம் முதல்முறையாகச் சற்றுக் குரல் உயர்த்தினார். “அந்தக் கமாண்ட் நடக்கணும்னா புத்தகப் பகுதி அதுக்கு முன்னாடியே அணைஞ்சிருக்கணும். நீங்க அதுலேருந்து கேட்டுட்டிருந்தா அதை அணைச்சிருக்கவே முடியாது. அணைக்காம பிரிக்கவும் முடியாது. ஆனா பிரிஞ்சிருக்கு. அப்ப, அந்த நேரத்துல சர்வர்ல இருந்த புத்தகப் பகுதியிலேருந்து உலகத்துல யாரும் ஒரு சத்தம்கூடக் கேட்டிருக்க முடியாது. நீங்க மட்டும் சிரிப்பு கேட்டிருக்கீங்க.”

டிஸ்க் அக்கா மைத்துனரைத் திரும்பிப் பார்த்தார். அக்காவின் முகத்தில் வியப்பு, பிறகு அருவருப்பு. “கேட்டுட்டே இருந்தேன்னா சொன்னாரு? என்கிட்ட இதை யாரும் சொல்லவே இல்லையே!”

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் படிப்பு வேண்டும். எதைப் பற்றிப் பொய் சொல்கிறோம் என்பதையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். மைத்துனர் டிஸ்குகளைக் கத்தியால் வெட்டுவதாகவே கற்பனை செய்திருந்தார். வெட்டினால் சிரிப்பும் பாதியில் வெட்டுப்பட வேண்டும் அல்லவா? அந்த அழகான காட்சிக்காகத்தான் அகப்பட்டுக்கொண்டார்.

“ஒருவேளை... கொஞ்சம் முன்னாடி கேட்டிருப்பேன். நேரம் யாருக்கு சார் ஞாபகம் இருக்கு?”

“அப்ப சிரிப்பு பாதியில நின்னது?”

மைத்துனர் உதவிக்கு அண்ணனைப் பார்த்தார்.

“முன்னாடி கேட்டது உண்மைன்னா, கட் ஆனது பொய். கமாண்ட் தட்டறப்ப கேட்டது உண்மைன்னா, உங்ககிட்ட வேற ஒரு நகல் இருக்கு. ரெண்டுல எதை எடுத்துக்கறீங்களோ எடுத்துக்கங்க. நான் உங்க கம்ப்யூட்டரைப் பாக்கப் போறேன்.”

எல்லோரும் எழுந்து மைத்துனரின் கண்ணாடி அறைக்குப் போனார்கள். மைத்துனர் கடைசியாக வந்தார். டிஸ்க் அக்கா யாரையும் கேட்காமல் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, விளம்பரப் பகுதியைத் திறந்து, கோப்புகளை அளவு வாரியாக அடுக்கினார். எல்லாவற்றுக்கும் மேலே, மலை போல, ஒரு போல்டர் வந்து நின்றது. அதன் பெயர்: ‘சோப்பு விளம்பரம் பழசு’.

“இவ்வளவு பெரிய சோப்பா?” என்றான் அவசரம். “ஊரையே குளிப்பாட்டலாம் போலிருக்கே!”

“குளிக்க வேண்டியவர் ஒருத்தர்தான்,” என்று சொல்லி டிஸ்க் அக்கா கடைசிக் கோப்பை ஓட்டினார்.

ஒலிபெருக்கியிலிருந்து கிழவன் சிரித்தான். விழுந்து விழுந்து, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தான். நடுவில் எங்கும் நிற்கவில்லை. அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

“மத்த அத்தியாயங்களை முன்னாடியே எடுத்து வெச்சாச்சு,” என்றார் நிதானம். “திருத்தம் முடிஞ்சு, இவங்க சாப்பிடப் போன நேரத்துல கடைசியையும் எடுத்துட்டு, மூலத்தை அழிச்சாச்சு. உங்க மாமா பங்குக்குப் போற பகுதியில சோப்புன்னு பேர் வெச்சுப் பதுக்கியாச்சு. அப்பறம் பிரிக்கறப்ப உக்காந்து ரசிச்சுக் கேட்டிருக்கீங்க. திருடினதை அங்கேயே உக்காந்து ருசி பாக்கற ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன்.”

“எதுக்கு?” என்றார் தங்கை. “நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?”

மைத்துனர் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தார். “பதிப்பகம் உங்க பின்னாடியே வந்துடும். இங்க என்ன மிஞ்சும்? சோப்பும் பல்பொடியும். முதல் வேலையே சொதப்பினா நீங்களே திரும்பி வந்துடுவீங்கன்னு...”

“எனக்கு இது சத்தியமா தெரியாது,” என்றார் அண்ணன் வேகமாக.

“தெரியாதுதான்,” நிதானம் அவரை ஏறிட்டுப் பார்த்தார். “தெரிஞ்சுக்காம இருக்க ரொம்பப் பாடுபட்டிருக்கீங்க. வேலை செஞ்ச ஆளை வெளிய உக்கார வெச்சுட்டு, வேலையைப் பத்தி ஒண்ணும் தெரியாதவரை சோபாவுல உக்கார வெச்சுக் கேட்டா இப்படித்தான்.”

அண்ணனுக்குக் காது சிவந்தது. தங்கையும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வார்த்தையில் தனக்கும் பங்கு உண்டு என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நாவல் உரிய இடத்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தபோது, “அது கிடைச்சிடுச்சு, சரி,” என்றார் டிஸ்க் அக்கா. “என் பேரு கிடைக்கலையே. சங்கத்துக்குப் போன போனுக்கு என்ன பதில்?”

“இப்பவே மறுபடி போன் போட்டுச் சொல்லிடறேன் அக்கா,” என்றார் மைத்துனர். ‘இந்தப் பொம்பளை’ திடீரென்று அக்கா ஆகிவிட்டார்.

“போன்ல சொன்னது காத்துல போயிடும். எழுதுங்க. உங்க கையால.”

மைத்துனர் எழுதினார். சில தொழில்நுட்பக் காரணங்களால் ஒரு தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டதாகவும், அதற்கு நிர்வாகம் வருந்துவதாகவும் எழுதி நீட்டினார். டிஸ்க் அக்கா படித்தார். தாளை இரண்டாகக் கிழித்து, அவருடைய சட்டைப்பையிலேயே செருகினார்.

“என்ன தொழில்நுட்பம் அது? பேரைச் சொல்லுங்க, நானும் கத்துக்கறேன்.”

இரண்டாவது தாளில் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினார். அதுவும் வழவழவென்று இருந்தது; அதுவும் கிழிந்தது. மூன்றாவது தாளுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாவலை எடுத்து ஒளித்தது, மூலத்தை அழித்தது, செய்யாத குற்றத்தை இந்தப் பெண்மேல் போட்டது, மூன்றையும் செய்தவன் நான் என்று நான்கே வரி. கீழே கையெழுத்து. சாட்சியாக அண்ணனும் தங்கையும் கையெழுத்துப் போட்டார்கள். தங்கையின் கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

“அக்கா, நீங்க என்கூடத்தான் வரணும்,” என்றார் அவர். “புது ஆபீஸ்ல உங்க இஷ்டப்படி...”

“யோசிச்சுச் சொல்றேன். நீங்களும் உள்ளதானே உக்காந்திருந்தீங்க? ஒரு வார்த்தை கேக்க உங்களுக்கும்தான் வாய் வரல.”

டிஸ்க் அக்கா கடிதத்தை இன்னொரு முறை முழுதாகப் படித்து, மூன்றாக மடித்து, உறைக்குள் வைத்தார். பசை தடவி, ஓரம் முழுவதையும் நகத்தால் அழுத்தி ஒட்டினார். சங்கச் செயலாளரின் முகவரியைத் தானே எழுதினார். அவசரம் கையை நீட்டிக்கொண்டு தயாராக நின்றான். உறையை வாங்கிச் சட்டைக்குள் செருகி, படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். கீழே தெருவில் அவனுடைய வண்டி கிளம்பிப் போகிற சத்தம் தேயும்வரை டிஸ்க் அக்கா ஜன்னலில் நின்று கேட்டார்.