மாலை போட்ட படத்துக்காரர்

பிரபாலினியிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் போதும், கேட்டதற்கு இரண்டு மடங்கு செய்து வைப்பாள். மேசையைத் துடை என்றால் மேசைக்கு அடியில் ஒட்டிக் கிடக்கும் சூயிங்கத்தையும் சுரண்டி எடுப்பாள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கம் ஒரு நாள் அவளை எங்கே கொண்டுபோய் மாட்டிவிட்டது என்று கேளுங்கள்.

அவளுக்குப் பத்து வயது. ஜேர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்தில், மிகப் பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் ஐந்தாம் வகுப்புப் படித்தாள். யாழ்ப்பாணத்தில் இப்படிப்பட்ட பெரிய பள்ளிக்கூடங்களைக் கல்லூரி என்பார்கள். அதனால் அவளுடைய அம்மா ஜெயமலரும் ஊரிலிருந்து யார் தொலைபேசியில் பேசினாலும், "மகள் இப்ப கொலிஜில படிக்கிறாள்" என்று பெருமையாகச் சொல்லிவிடுவார்.

1996ஆம் ஆண்டு அந்தக் கல்லூரியில் பெரிய விழா ஒன்று வந்தது. பழைய மாணவர்களைப் பற்றி ஒரு கண்காட்சியும் உண்டு. வகுப்புக்கு ஒரு சுவர். பிரபாலினியின் வகுப்புக்குக் கிடைத்த சுவரில் நான்கு படங்கள் மாட்ட வேண்டும்.

"இந்த நான்கு பேரும் இங்கே படித்துவிட்டுக் கப்பலேறி அமெரிக்கா போனவர்கள்" என்று ஆசிரியை கெஸ்லர் விளக்கினார். "அப்போது அங்கே உள்நாட்டுப் போர். மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்த தென் மாநிலங்கள் தனியாகப் பிரிந்துபோக நினைத்தன. நாடு உடையக் கூடாது என்று வடக்கில் நின்று போராடியது ஒன்றியப் படை. நம் மாணவர்கள் நால்வரும் அந்தப் படையில் சேர்ந்தார்கள். அந்தப் போரோடு அடிமை முறையும் ஒழிந்தது."

"அவர்கள் விழாவுக்கு வருவார்களா?" என்று கேட்டாள் பிரபாலினியின் தோழி லேனா.

வகுப்பு முழுவதும் சிரித்தது.

"அது நடந்து நூற்று முப்பது வருடமாகிறது லேனா. எல்லோரும் எப்போதோ இறந்துவிட்டார்கள். ஆனால் அகுஸ்ட் ஓபர்மன் என்பவரின் குடும்பத்தில் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வருகிறார். படத்தை அனுப்பியதும் அவர்தான். சரி, சுவரை அழகுபடுத்தப் போவது யார்?"

யாருடைய கை முதலில் உயர்ந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இறந்தவர்களின் படத்தை எப்படி மரியாதையாக வைப்பது என்று பிரபாலினிக்கு நன்றாகத் தெரியும். அப்பாவின் பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் எத்தனை முறை பார்த்திருக்கிறாள்! காலமான பள்ளிக்கூட அதிபரின் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைப்பார்கள், மாலை போடுவார்கள், விளக்கு ஏற்றுவார்கள்.

"அம்மா, சாமி அறையில இருக்கிற பிளாஸ்ரிக் மாலையையும் கரண்ட் விளக்கையும் பள்ளிக்கூடத்துக்குத் தாறீங்களோ?"

"ஏன் பிள்ளை?"

"படத்துக்குப் போட."

அம்மா அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "ஆற்ற படம்? செத்த ஆக்கள்தானே? வடிவாக் கேட்டனியோ?"

"ஓம் அம்மா. செத்து நூறு வருசத்துக்கு மேல. ரீச்சர் சொன்னவ."

"அப்ப சரி. கொண்டு போ."

விழாவுக்கு முதல் நாள் அந்தச் சுவர் ஜொலித்தது. மூன்று படங்களுக்குப் பிரபாலினியும் லேனாவும் மஞ்சள் தாளில் மாலை செய்தார்கள். வீட்டிலிருந்து வந்த நல்ல மாலை அகுஸ்ட் ஓபர்மனுக்குப் போனது. காரணம், அவர் படம்தான் மிகவும் எடுப்பாக இருந்தது. பழுப்பு நிறப் படத்தில் நரைத்த தாடியும் பித்தளைப் பொத்தான் வைத்த சீருடையுமாக முறைத்துக்கொண்டு நின்றார். பிரபாலினி கதிரையில் ஏறி, கண்ணாடியில் அவருடைய நெற்றி தெரியும் இடத்தில் சந்தனப் பொட்டு வைத்தாள். கீழே சிவப்பு மின்விளக்கு மினுக் மினுக் என்று எரிந்தது.

"அருமை!" என்றார் ஆசிரியை கெஸ்லர். பாவம், அவருக்கும் ஒன்றும் தெரியாது.

மறுநாள் மண்டபத்தில் நல்ல கூட்டம். அம்மா அதிகாலையிலேயே எழும்பிப் பொரித்த றோல்ஸ் ஒரு தட்டு நிறைய இருந்தது. பிரபாலினி அதை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனாள். அம்மா சேலை கட்டிக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் நின்றார். பெரிய கதவு திறந்தது.

அகுஸ்ட் ஓபர்மன் உள்ளே வந்தார்.

அதே நரைத்த தாடி. அதே பித்தளைப் பொத்தான்கள். அதே முறைப்பு. ஒரே ஒரு வித்தியாசம், படத்தில் பழுப்பாக இருந்த சீருடை இப்போது நல்ல நீலமாக இருந்தது.

தட்டு கையிலிருந்து நழுவியது. றோல்ஸ் நாலா பக்கமும் உருண்டோடின. லேனா போட்ட சத்தத்தில் இரண்டு குழந்தைகள் அழத் தொடங்கிவிட்டன. பிரபாலினி ஓடிப்போய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா! அந்தா... அவர் செத்தவர்!"

அம்மா வந்தவரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடியும் வந்தவரைப் பார்த்தார்.

"செத்த மனுசன் சப்பாத்துப் போட்டு நடந்து வருமோ?" என்றார். உடனேயே அவருடைய முகம் வெளுத்துப் போனது. "ஐயோ, உயிரோட இருக்கிற மனுசனுக்கு மாலை போட்டிட்டியேடி!"

பிரபாலினிக்குப் பேயைக் கண்ட பயம் போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது.

வந்தவர் சிரித்துக்கொண்டே ஆசிரியை கெஸ்லருக்குக் கை கொடுத்து, ஜேர்மனிலேயே பேசினார். "நான் ஹென்றி ஓபர்மன். பயமுறுத்திவிட்டேனா? எங்கள் ஊரில் ஒரு குழு இருக்கிறது. விடுமுறை நாட்களில் பழைய சீருடையைப் போட்டுக்கொண்டு அந்தப் போரை நடித்துக் காட்டுவோம். நான் அனுப்பிய படம் அங்கே எடுத்ததுதான். படத்தில் இருப்பது நான்."

"நீங்களா!" என்று ஆசிரியை கெஸ்லர் வாயைப் பிளந்தார். "பின்னால் அகுஸ்ட் ஓபர்மன் என்று எழுதியிருந்ததே!"

அதற்குள் ஹென்றி ஓபர்மன் சுவரைக் கண்டுவிட்டார். பிரபாலினி கதிரையை இழுத்து ஏறி மாலையைக் கழற்றக் கை நீட்டினாள். கொஞ்சம் பிந்திவிட்டது.

"கழற்றாதே, கழற்றாதே! எவ்வளவு அழகு! எனக்குப் பூமாலையா? நெற்றியில் இது என்ன? விளக்கு வேறு!" அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பத்திரிகையிலிருந்து வந்திருந்த படப்பிடிப்பாளரைக் கூப்பிட்டார். "என்னையும் இதையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். பெரிதாக்கி வீட்டில் மாட்டப் போகிறேன். என் மனைவி பார்த்தால் அசந்துபோவாள்!"

எல்லோரும் கை தட்டினார்கள். பிரபாலினி பேசாமல் இருந்துவிடலாம். இந்த மண்டபத்தில் அந்த மாலைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் அவளும் அம்மாவும் மட்டும்தான்.

"அம்மா, நீங்கள் சொல்லுங்கோ" என்று கெஞ்சினாள்.

"என்ர ஜேர்மன் இதுக்குக் காணாது. சொல்ல எனக்கு ஏலாது பிள்ளை" என்றார் அம்மா. அவர் குரல் தாழ்ந்தது. "அவற்ற மனுசி பாவம். இப்பிடி ஒரு படத்தை வீட்டில மாட்டி வைக்கக் கூடாது. நீ சொல்லு."

சொன்னால் அவர் கோபிக்கலாம். விழாவே குழம்பிப்போகலாம். ஆனாலும் அந்தப் படம் ஒரு வீட்டுச் சுவரில் தொங்குவதை நினைக்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை. கமெராவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தயவுசெய்து எடுக்காதீர்கள். இது... இது இறந்தவர்களுக்குச் செய்வது. எங்கள் வழக்கத்தில், ஒருவர் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்தால் அவர் உயிரோடு இல்லை என்று அர்த்தம். நீங்கள் இறந்துவிட்டதாக நினைத்துவிட்டேன். என்னை மன்னியுங்கள்."

கை தட்டல் நின்றது. ஹென்றி ஓபர்மனின் சிரிப்பு பாதியில் அப்படியே நின்றுவிட்டது. அவர் தன் படத்தையே பார்த்தார், அந்தப் பொட்டைப் பார்த்தார். கை தானாகப் போய்த் தன் நெற்றியைத் தடவியது.

"எனக்கு இப்போது ஏதும் ஆபத்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பிரபாலினி அதைத் தமிழில் அம்மாவிடம் கேட்டாள். அம்மா அவசரமாக மறுத்துத் தலையசைத்தார்.

"இல்லையெண்டு சொல்லு. செத்திட்டார் எண்டு ஆக்கள் நினைச்சவர் திரும்பி வந்தால் அவருக்கு ஆயுசு கூட. நூறு வயசு இருப்பாராம்."

அதைக் கேட்டதும் அவருக்கு மூச்சு வந்தது. "நூறா? என் மனைவி என்னோடு இன்னும் அத்தனை வருடம் இருக்க வேண்டுமே, அவளைக் கேட்டீர்களா?" என்றார். மண்டபம் சிரித்தது.

பிறகு அவர் கதிரையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"ஒன்று சொல்ல வேண்டும். அகுஸ்ட் என் பாட்டனாரின் தந்தைக்கு அண்ணன். இங்கே படிப்பை முடித்தவுடனேயே புறப்பட்டவர். போரில் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. அவருக்குப் படம் கிடையாது. கல்லறை எங்கே என்றும் தெரியாது. என் முகச்சாயல் அவருடையது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதனால்தான் என் படத்தை அனுப்பினேன். பாவம், இதுவரை அவருக்கென்று ஒருவரும் ஒரு பூ வைத்ததில்லை. இன்றுதான் வைத்திருக்கிறீர்கள்."



"எல்லாவற்றையும் எடுத்துவிடுவோமா?" என்று ஆசிரியை கெஸ்லர் தடுமாறினார்.

"வேண்டாம் ரீச்சர்" என்றாள் பிரபாலினி. "மாலை அகுஸ்டுக்குச் சரி. இவருக்குத்தான் பிழை. முகம்தான் இவருடையது, பெயர் அகுஸ்டினுடையது. இவர் படத்தை எடுத்து இவரிடமே கொடுத்துவிட்டு, அந்தச் சட்டத்துக்குள் பெயரை மட்டும் வைப்போம்."

லேனாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் வெள்ளைத் தாளில் அகுஸ்ட் ஓபர்மன் என்று பெரிதாக எழுதினாள். அம்மா கண்ணாடியில் இருந்த பொட்டைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தார். ஒரு துளி சந்தனமும் மிச்சமில்லை என்று பார்த்த பிறகுதான் சட்டத்தைக் கையிலிருந்து விட்டார். பெயர் சுவரில் ஏறியது. இந்த முறை மாலையைப் போட்டவர் ஹென்றி ஓபர்மன். போட்டுவிட்டு நெடுநேரம் அதன் முன்னால் நின்றார்.

திரும்பியபோது, அம்மாவின் கண் கலங்கியிருப்பதைக் கண்டார்.

"உன் அம்மாவுக்கு என்ன?"

"என் மாமாவும் எங்கள் நாட்டுப் போரில் காணாமல் போனவர்" என்றாள் பிரபாலினி. "அவர் படம் வீட்டில் இருக்கிறது. அதற்கு மாலை போட அம்மா யாரையும் விடமாட்டார். மாமா வருவார் என்று சொல்வார்."

ஹென்றி ஓபர்மன் அம்மாவின் முன்னால் வந்து நேராக நின்றார்.

"அம்மாவிடம் சொல். அவர் செய்வது சரி. உன் மாமாவும் ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு வரட்டும். இன்று நான் வந்த மாதிரி, எல்லோரும் திடுக்கிட்டுப் போக வரட்டும்."

பிரபாலினி தமிழில் சொன்னாள். அம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அந்த நீலச் சீருடைக்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பிடியே நடக்கட்டும் எண்டு சொல்லு பிள்ளை."

பிரபாலினி சொல்ல வாய் திறப்பதற்குள் ஹென்றி ஓபர்மன் புரிந்ததுபோலத் தலையசைத்தார். ஆனாலும் அவள் ஜேர்மனில் அதைச் சொன்னாள், மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி, ஒருமுறைக்கு இரண்டு முறை.