படியாத ரத்தம்

கரண்டு போய்ப் பத்து நிமிடமாயிற்று. கண்ணாடிக் குழாய்க்குள் ரத்தம் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது.

பாண்டிமீனா பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அப்போதும் நகர்ந்தது.

2008 ஐப்பசி. சூலக்கரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் அவள் உதவியாளர். பட்டப்பகலிலேயே வானம் அடுப்புக்கரியை அரைத்து அப்பியதுபோல் இருண்டிருந்தது. ஆசிட் நெடி மூக்கு வழியாக ஏறி மூளைக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஓடினால் ஏழு ஊருக்குக் கேட்கும் மின்விசிறி நின்றுவிட்டதில், தொட்டியில் தண்ணீர் சொட்டுவது உரலில் இடிப்பதுபோல் கேட்டது.

மேசைமேல் கிடத்திய இரண்டு குழாய்களில் உப்பு நீர் நிரப்பி, ஒன்றில் தன் ரத்தத்தையும் மற்றதில் கணவன் அன்பரசனின் ரத்தத்தையும் விட்டு, மின்சாரம் பாய்ச்சியிருந்தாள். ரத்த அணுக்கள் தத்தம் மின்னேற்றத்துக்கு ஏற்ற வேகத்தில் ஓடி, வரிவரியாகப் பிரிய வேண்டும். பூமியில் அது சரியாக நடக்காது. பாதி வழியிலேயே கனம் இழுத்து அடியில் படிந்துவிடும். அதற்காகவே விஞ்ஞானிகள் இதைக் கனமில்லாத விண்வெளியில் செய்து பார்த்தார்கள்.

"சொல்லியிருந்தா நாங்களே அனுப்பியிருப்போம்ல. எங்க கம்பெனி ராக்கெட்டு தென்னமரத்தயே தாண்டும்," என்று கேலி செய்திருந்தான் அன்பரசன். விஸ்வநத்தம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவன். தீபாவளி முடிந்து ஆலைக்கு லீவு. அவளைக் கூட்டிப்போக வந்து பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

அவள் ரத்தம் புளிக்கரைசலின் மண்டிபோல் அடியில் கிடந்தது. அவனுடையது படியவில்லை. கருஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு, வெளுப்பு என்று மூன்று வளையங்கள், அந்தரத்தில்.

முதுகுக்குப் பின்னால் செருப்பு விழும் சத்தம்.

சற்றுப் பொறுத்து, இன்னொன்று.

"ஏங்க, எங்கன இருக்கீக?"

"இங்கனதான் புள்ள. ஒடம்புல கனமே இல்லாத மாதிரி இருக்கு."

குரல் மேலேயிருந்து வந்தது.

திரும்பினாள். மின்விசிறியை ஒட்டி அவன் தலை. வெறுங்கால்கள் தரைக்கு மூன்றடி உயரத்தில்.

மருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்குவதற்காக வாசல் செம்புத் தகட்டைத் தொடுவது ஆலை வழக்கம். வீட்டுக்கு வந்தாலும் தாழ்ப்பாளைத் தொடாமல் நுழைய மாட்டான். அந்த நினைப்பில்தான் சொன்னாள்.

"செவுத்துல எர்த் கம்பி இருக்கு. அதத் தொடுங்க. எறங்கிரும்."

தொட்டான்.

சொட்டுச் சத்தம் நின்றது.

கை கம்பியோடு ஒட்டிக்கொண்டது. உடம்பு கிடையாக நீண்டது, மேசைமேல் கிடந்த குழாயைப் போலவே. சட்டை விலகிய வயிற்றில், தோலுக்கடியில் மூன்று வளையங்கள். கருஞ்சிவப்பு. இளஞ்சிவப்பு. வெளுப்பு. கையை நோக்கி. மெதுவாக.

"வலிக்கல புள்ள," என்றான். உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "என்னயப் பிடிக்க மட்டும் செய்யாத."

பிடித்தாள். இரண்டு கையாலும், அவன் காலை.

மேசைமேல், அடியில் படிந்து கிடந்த அவள் ரத்தம் எழும்பத் தொடங்கியது.