வெறும் தண்ணீர்

காட்டோரத்து ஆய்வகத்தில் அக்காவின் வேலைக்கு என்னையே எடுத்தார்கள். காட்டு அணில்களைக் கூண்டில் பிடித்து, புழுக்கையைச் சேகரித்து, அவற்றின் குடலில் இதுவரை யாரும் காணாத வைரஸ்கள் இருக்கின்றனவா என்று தேடும் வேலை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத அக்கா, அதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் வயிற்றுப்போக்கில் படுத்தாள். எழுந்திருக்கவே இல்லை. இன்ன நோய் என்று டாக்டர்களால் சொல்ல முடியவில்லை. சோதித்துப் பார்க்க அவளுடைய மாதிரி எதையும் யாரும் பத்திரப்படுத்தவும் இல்லை.

நான் கிளம்பும்போது அம்மா கேட்டது ஒன்றுதான். "எது எம் பொண்ணைக் கொண்டுபோச்சுன்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

மழை பிடித்த பகல்கள். வெளியே ஈர இலை வாசம், உள்ளே அணில் மூத்திர நெடி, மூலையில் முனகும் உறைபெட்டி. அணில்களிடம் புது வைரஸ் ஒன்று அகப்பட்டது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. புழுக்கைக் குழாய்களோடு வெறும் தண்ணீர்க் குழாய் ஒன்றையும் சேர்த்துச் சோதிப்பது எங்கள் வழக்கம். அதில் எதுவும் வரக்கூடாது. வந்தால் எங்கேயோ அசுத்தம் கலந்துவிட்டது என்று அர்த்தம், மொத்தத்தையும் தூக்கிப் போடவேண்டும்.

தண்ணீரில் அதே வைரஸ் இருந்தது. கூடவே ஒரு மனித மரபணுத் தடயம்.

"தண்ணிக்கும் பேதின்னு எழுதிடலாமா?" என்று ஆய்வகத் தலைவர் கிண்டலடித்தார். அறை, கையுறை, தண்ணீர் எல்லாவற்றையும் மாற்றினேன். பழைய குருடி கதவைத் திறடி.

என் கைதான் பட்டிருக்கும் என்று அந்தத் தடயத்தை என்னுடைய மரபணுவோடு ஒப்பிட்டேன்.

நான் இல்லை. என் கூடப்பிறந்தவள்.

எனக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான்.

யாரும் எடுத்து வைக்காத மாதிரியை அவளே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். முதலில் அழுகைதான் வந்தது. பயம் பிறகு வந்தது, பின்கழுத்தில் யாரோ மூச்சு விடுவது போல. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் திரையையே பார்த்தேன். அங்கே அவளோடு இன்னொருவரும் கலந்திருப்பது தெரிந்தது.

ஆண். பாதி அக்கா.

அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரிந்திருந்ததோ என்னவோ.

"தெரிஞ்சுக்கிட்டேன் அக்கா," என்றேன் மெல்ல. "அம்மாகிட்ட சொல்லிடறேன். அவனையும் கூட்டிக்கிட்டுப் போ."

அம்மாவிடம் அணிலைப் பற்றி மட்டும் சொன்னேன். பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் திரும்பவும் சோதித்தேன். தண்ணீரில் வைரஸ் இல்லை. அக்காவும் இல்லை.

பிள்ளை மட்டும் இருந்தான்.