ஈரச் சுவர்

“அப்போ அந்தக் கணக்கப்பிள்ளைதான் காட்டிக் கொடுத்தான்ங்கிற?” என்றான் முகிலன்.

“காதுல வச்சுக் கேளுல. ஒவ்வொரு பேரா சொல்லுதான்.”

எபிநேசர் சுவர்ச்செவிக் கருவியை நீட்டினான். சுவரில் அடித்த சுண்ணாம்பு, காய்கிற வரைக்கும் பக்கத்தில் பேசுவதையெல்லாம் தனக்குள் இறுக்கி வைத்துக்கொள்ளும். சுவர்ச்செவி அதைத் திரும்பப் பேச வைக்கும். அறைக்கு எடுத்துப்போய் எழுதும் இந்த வரலாற்றுத் தேர்வின் கேள்வியும் அதை வைத்துத்தான்: எப்போதோ மூடிய இந்தப் பஞ்சாலையில், வேலைநிறுத்தம் செய்தவர்களின் பெயர்களை முதலாளிக்குச் சொன்னது யார்? ஆயுதபூஜைக்கு வெள்ளையடித்த அன்றே கணக்கப்பிள்ளை பேசித் தொலைத்திருந்தான்.

சுவர் சுவராய்த் தேடியது எபி. அறைத்தோழன் முகிலன் அவன் தாளைப் பார்த்து எழுதினான். கடைசி வரி மட்டும் சொந்தம்: ‘கூட இருந்தவனைக் காட்டிக் கொடுத்தவன் மனிதனே அல்ல.’

இரண்டு தாளும் ஒன்றுபோல் இருக்க, பேராசிரியை முகிலனுக்குப் போன் செய்தார்.

“அவன்தான் மேடம் என்னைப் பார்த்து எழுதிட்டான்.”

யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான், சுவரில் சாய்ந்திருந்த தோளில் வெள்ளை ஒட்டியிருந்ததைப் பார்த்தான். விடுதிக்குக் காலையில்தான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

வராந்தாவில் கிடந்த சுண்ணாம்பு வாளியையும் மட்டையையும் தூக்கிவந்து மேலே இன்னொரு பூச்சு அடித்தான். அடிப்பூச்சில் பதிந்ததையும் சுவர்ச்செவி கேட்கும் என்பது தெரியும். அதை எழுதியே போன பரீட்சையில் மார்க் வாங்கியவன். ஆனாலும் கை நிற்கவில்லை.

“என்னல, படிப்பு வேண்டாம்னு வெள்ளையடிக்கப் போயிட்டியா?” எபி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். உடனே முகம் வாடியது. “மேடம் நாளைக்கு விசாரணைக்கு வரச் சொல்லிருக்காவ. நான் காப்பி அடிச்சேனாம். இனிமே பரீட்சையே எழுத விடமாட்டாவளாம். யாரோ சொல்லிருக்கான். உனக்கு ஏதும் தெரியுமால?”

முகிலனின் காதுமடல் எரிந்தது. மட்டையிலிருந்து சுண்ணாம்பு அவன் காலில் சொட்டியது.

சுவர் இன்னும் ஈரம். இப்போது எதைச் சொன்னாலும் தங்கிவிடும். என்றோ ஒரு மாணவன் இதே இடத்தில் செவியை ஒட்டிவைத்துக் கேட்பான். அவனும் ஒரு கடைசி வரி எழுதுவான்.

எபி காத்திருக்கிறான். நீங்களாயிருந்தால் என்ன சொல்வீர்கள், சொல்லுங்களேன்?