சீமாட்டியின் தோல்

தண்ணீர்க் கிண்ணம் மறுபடியும் காய்ந்து கிடந்தது. காலையில் விளிம்பு தளும்ப ஊற்றியதுதான். வீட்டிலேயே தட்டச்சு வேலை பார்க்கும் அவளுக்கு அறைக்கு அறை எழும் சத்தங்களெல்லாம் அத்துப்படி. வெளியே விடாமல் தூறும் மழையையும் மீறி, குளியலறையில் ஒழுகும் குழாயடியில் சீமாட்டி ஓயாமல் நக்கிக் குடிப்பது சளக் சளக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அக்கா சாகும்போது அவளிடம் விட்டுப்போன பூனை அது. மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை, அக்கா காலத்திலிருந்தே, வருடக்கணக்காக. மாத்திரை இல்லாவிட்டால் கழுத்தை நீட்டித் தரையோடு தரையாகப் படுத்துக் காற்றுக்குத் தவிக்கும். அந்தத் தவிப்பை ஒருமுறை பார்த்தவள், அதற்குப் பிறகு ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. தன் கையாலேயே ஊட்டினாள்.

இப்போது வயிறு பானையாய்த் தொங்கியது. எவ்வளவு தின்றாலும் பசி அடங்கவில்லை. காது நுனிகள் வாடிய இலைபோல மடங்கிவிட்டன. ரத்தப் பரிசோதனைக்காக மழித்த இடத்தில் முடி திரும்ப முளைக்கவே இல்லை. அங்கே தோலுக்கடியில் நீல நரம்புகள் ஓடுவது தெரிந்தது. எத்தனை தடவை கழுவினாலும் வீட்டில் மூத்திர நெடி போகவில்லை.

அன்று மாலை பூனையின் தோளருகே தோலில் ஒரு கிழிசலைப் பார்த்தாள். சோபா ஓரத்தில் லேசாக உரசியதுதான். உடனே மருத்துவருக்குப் போன் செய்தாள்.

"மாத்திரைய நிறுத்திடட்டுமா டாக்டர்?"

"திடீர்னு நிறுத்தக் கூடாதுங்க, உயிருக்கே ஆபத்து. வருஷக்கணக்கா இந்த மாத்திரை குடுத்தா சில பூனைங்களுக்குத் தோல் இப்படி மெலிஞ்சிடும், இழுத்தாலே கிழியும். எதுலயும் படாம கொண்டு வாங்க."

"கை படாம எப்படி டாக்டர் தூக்குறது?"

கூடைக்குள் அதுவாகவே வந்து உட்காரும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

கூடையில் மெத்தென்ற துண்டை விரித்தாள். மீனை வைத்தாள். கூப்பிட்டாள். சீமாட்டி வந்தது, முகர்ந்தது, விளிம்பில் கால் வைத்தது. கூடை சரிந்தது. விழுந்துவிடுமே என்று அவள் கை தானாக நீண்டு பிடரியைப் பற்றியது.

சத்தமே இல்லை. ஈரக் காகிதம்போல் கைக்குள் ஏதோ பிரிந்தது.

கையை எடுத்தாள். விரல்களில் முடி. பிடரியிலிருந்து இடுப்புவரை தோல் பிளந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. ரத்தம் இல்லை. இளஞ்சிவப்பாய், மினுமினுப்பாய், மூச்சோடு ஏறி இறங்கும் சதை.

பூனை கத்தவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தது. தொண்டைக்குள் குர்ர்ரென்று கொஞ்சத் தொடங்கியது.

"வேண்டாம்டி... அங்கேயே இரு."

பின்னால் நகர்ந்தாள். சுவர்.

தொங்கும் தோலைத் தரையில் இழுத்துக்கொண்டு, அவள் காலில் உரச வந்தது சீமாட்டி.